விறகுக் கொட்டகையும் கார்பன் கணக்கும்

கேள்வி: திருப்பூரில் பின்னல் துணிக்குச் சாயமேற்றும் ஆலை நடத்துகிறோம். அப்பா தொடங்கியது. நாளொன்றுக்கு ஐந்து டன் துணி, ஆண்டுக்கு 300 நாள் ஓட்டம். மின்சாரம் மாதம் ஒரு லட்சம் யூனிட். பாய்லருக்கும், எண்ணெயைச் சூடாக்கி வெப்பம் தரும் தெர்மிக் ஹீட்டருக்கும் சேர்த்து நாளுக்கு எட்டு டன் விறகு. மழைக்காலத்தில் விறகு நனைந்துவிடுவதால் ஆண்டுக்கு 250 டன் இந்தோனேசிய நிலக்கரியும் எரிக்கிறோம். ஜெனரேட்டருக்கு மாதம் ஆயிரம் லிட்டர் டீசல். எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர், 2030-க்குள் எங்கள் கார்பன் உமிழ்வை 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கூரை முழுக்க சோலார் போடலாம் என்று ஒருவரும், மின்சார பாய்லர் வாங்கலாம் என்று இன்னொருவரும், கார்பன் கிரெடிட் வாங்கினால் ஒரே மாதத்தில் முடிந்துவிடும் என்று மூன்றாமவரும் சொல்கிறார்கள். அப்பா மரம் நடலாம் என்கிறார். இவற்றில் எது சரி? ஐரோப்பாவின் கார்பன் வரி எங்கள் மீதும் விழுமா?

— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் எண்கள் இருந்தன. அதற்கே முதலில் நன்றி. ஆற்றல் தணிக்கைக்கு என்னை அழைப்பவர்களில் பலர், எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்ற கேள்வியோடு வருகிறார்களே தவிர, ஒரு கிலோ துணிக்கு எத்தனை கிலோ விறகு எரிகிறது என்று கேட்டால் கணக்குப்பிள்ளையைத்தான் பார்ப்பார்கள்.

வரியைப் பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இறக்குமதியாகும் சரக்கின் கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் வரி 2023 அக்டோபரில் வெறும் அறிக்கை அளவில் தொடங்கி, 2026 ஜனவரி முதல் கட்டணத்துக்குரிய கட்டத்துக்கு வந்திருக்கிறது. இரும்பும் எஃகும், அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவையே அதன் பட்டியலில் இருக்கின்றன. துணியும் பின்னலாடையும் அதில் சேர்க்கப்படவில்லை. உங்கள் பையர் கேட்பதற்குக் காரணம் வேறு. அவருடைய நிறுவனம் தன் கார்பன் அறிக்கையில், தான் வாங்கும் சரக்கு உற்பத்தியாகும்போது வெளியான கார்பனையும் ‘மூன்றாம் வரம்பு’ என்ற தலைப்பில் காட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் புகைபோக்கியில் வெளியாவது அந்தத் தலைப்பின் கீழ் அவருடைய கணக்கில் ஏறுகிறது. ஆகவே இது சட்டம் விதித்த வரியன்று, ஆர்டரோடு வரும் நிபந்தனை. நிபந்தனை என்பதால் அதன் விவரங்களை அவரோடு பேசித் தீர்மானிக்கவும் இடமிருக்கிறது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். ஆண்டுக்கு 12 லட்சம் யூனிட் மின்சாரம். இந்தியாவின் பொது மின்கட்டமைப்பில் (கிரிட்) வரும் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடைச் சுமந்து வருவதாக மத்திய மின்சார ஆணையத்தின் தரவு காட்டுவதால், இது ஏறத்தாழ 840 டன். நிலக்கரி கிலோவுக்கு 5,000 கிலோகலோரி வெப்பம் தருவதாகக் கொண்டால், 250 டன் எரிப்பதில் 500 டன் வெளியாகிறது. டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 32 டன். ஆக மொத்தம் 1,370 டன்னை ஒட்டி வருகிறது. பையர் கேட்கும் 30 விழுக்காடு என்பது சுமார் 410 டன்.

நாளுக்கு எட்டு டன் எரியும் விறகு இந்தக் கணக்கில் எங்கே போனது என்று நீங்கள் கேட்க வேண்டும். உலகம் முழுவதும் பின்பற்றப்படும் கணக்கு முறையில், விறகிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு முதன்மைக் கூட்டுத்தொகையில் சேராது. தனியே ஒரு வரியில் காட்டினால் போதும். வெட்டிய மரம் மீண்டும் வளரும்போது அதே அளவு கார்பனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். எரிவதில் உண்டாகும் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகிய சிறு அளவுகள் மட்டும் மொத்தத்தில் சேர வேண்டும்; எளிமைக்காக மேலே போட்ட கணக்கில் அவற்றை நான் சேர்க்கவில்லை. ஆனால் புகைபோக்கியில் ஒரு கருவியைப் பொருத்தி அளந்தால் கதை வேறு. ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரி 95 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியிடும் இடத்தில் விறகு 112 கிலோ வெளியிடுகிறது. உங்கள் 2,400 டன் விறகிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,600 டன் வெளியேறுகிறது. அறிக்கையின் மொத்தத்தில் இருக்கும் 1,370 டன்னைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். நீங்கள் யாரையும் ஏமாற்றுவதாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், விதி அப்படி இருக்கிறது. ஆனால் ஏட்டில் குறைவதும் புகைபோக்கியில் குறைவதும் வேறு வேறு என்பதை மனத்தில் இருத்தினால்தான், உங்களிடம் வந்த மூன்று ஆலோசனைகளையும் சரியாக எடைபோட முடியும்.

மரம் திரும்ப வளர்கிறதா என்பதில்தான் அந்த விதியின் உயிர் இருக்கிறது. தோப்பில் வளர்த்து, வெட்டி, மறுதாம்பு விட்டு வளர்க்கும் தைலமரத்துக்கும், வெட்டிய பின் மீண்டும் நடும் சவுக்குக்கும் அது பொருந்தும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வரும் சீமைக்கருவேலமும் வெட்ட வெட்டத் தழைக்கும் மரம்தான்; ஆனால் வேரோடு பிடுங்கி நிலத்தைத் திருத்திய இடத்திலிருந்து அந்த லோடு வந்திருந்தால், அந்தக் கார்பன் திரும்பி வருவதாகச் சொல்ல முடியாது. ஆகவே லோடு எந்த ஊரிலிருந்து, என்ன மரம், எவ்வளவு எடை என்று இன்றிலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். விறகின் பூர்வீகத்துக்குச் சான்று கேட்கும் பையர்கள் இப்போதே இருக்கிறார்கள்.

என் முதல் பரிந்துரை உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்: விறகுக்கு ஒரு கொட்டகை போடுங்கள். 45 விழுக்காடு ஈரம் உள்ள விறகில் கிட்டத்தட்டப் பாதி எடை தண்ணீர். அதை ஆவியாக்கி மேலே அனுப்புவதற்கே, கிலோவுக்கு 540 கிலோகலோரிக்கு மேல் உங்கள் அடுப்பு செலவழிக்கிறது. ஈரம் 20 விழுக்காடாக இருந்தால் ஒரு கிலோ விறகு 3,400 கிலோகலோரியை ஒட்டித் தரும். நனைந்தால் அது 2,100-க்கு இறங்கிவிடும். நிலக்கரியை நீங்கள் எரிப்பது விறகு கிடைக்காததால் அன்று, கிடைத்த விறகு நனைந்துவிடுவதால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை மாத இருப்பான 300 டன்னை பத்தடி உயரத்துக்கு அடுக்கினால் மூவாயிரம் சதுர அடியை ஒட்டி இடம் வேண்டும். பக்கங்களில் காற்றோட்டமும், தரையில் ஒரு முழம் மேடையும் இருந்தால் போதும். தீ விபத்துக்கான காப்பீட்டையும் தீயணைப்புத் துறையின் நிபந்தனைகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கொட்டகையின் கூரையில் மட்டும் சோலார் பலகைகளை ஏற்ற வேண்டாம்.

கொட்டகை மட்டும் போட்டு நிலக்கரிக்குப் பதிலாகக் கூடுதல் விறகை எரித்தால், ஏட்டில் 500 டன் குறையும். அதுவே பையர் கேட்ட 410 டன்னைத் தாண்டிவிடும். வேலை முடிந்தது என்று இந்த இடத்தில் நிறுத்திக்கொண்ட ஆலைகளை நான் அறிவேன். அங்கே புகைபோக்கி முன்னைவிடக் கூடுதலாகவே வெளியிடுகிறது. நீங்கள் இன்னும் ஒரு படி போகலாம். உங்கள் ஆலை எரிபொருளிலிருந்து பெறும் மொத்த வெப்பத்தில் நிலக்கரியின் பங்கு 14 விழுக்காடுதான். வெப்பத் தேவையை அந்த அளவு குறைத்துவிட்டால், ஒரு லோடு விறகுகூடக் கூடுதலாக வாங்காமல் நிலக்கரியை நிறுத்திவிடலாம்.

அந்த 14 விழுக்காடு எங்கிருந்து வரும்? சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்களின் வெப்பப் பரிமாற்றிகளில் நீராவி குளிர்ந்து வரும் சுடுநீரை, அதாவது கண்டென்சேட்டை, பாய்லர் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறீர்களா? பாய்லருக்குள் போகும் நீரின் வெப்பநிலை ஆறு டிகிரி ஏறினால் எரிபொருளில் ஒரு விழுக்காடு மிச்சம் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. 30 டிகிரியில் போகும் நீரை 70-க்கு ஏற்றினால் ஆறேழு விழுக்காடு கைக்கு வரும். நீராவியைத் தடுத்துச் சுடுநீரை மட்டும் வெளியே விட வேண்டிய, ஆனால் பழுதாகித் திறந்தே கிடக்கும் ஸ்டீம் டிராப்புகள், காப்புறை இல்லாத வால்வுகள், அடுப்புக்குள் தேவைக்கு மேல் போகும் காற்று ஆகியவற்றில் இன்னும் கொஞ்சம். புகையின் வெப்பநிலை 22 டிகிரி இறங்கினாலும் ஒரு விழுக்காடு மிச்சம். இதற்கும் எல்லைகள் உண்டு. சாயத் தொட்டிக்குள் நீராவியை நேரடியாகச் செலுத்தும் பழைய இயந்திரத்தில் திருப்புவதற்குக் கண்டென்சேட்டே இருக்காது. துணியை விரித்து உலர்த்தும் ஸ்டெண்டரின் சூடான வெளியேற்றக் காற்றிலிருந்து வெப்பத்தை மீட்கும் கருவி, காகிதத்தில் மிக அழகாக இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலைக்கு நானே அதைப் பரிந்துரைத்தேன். பஞ்சுத் துகளும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து எட்டே மாதத்தில் அது அடைத்துக்கொண்டது, சுத்தம் செய்வதற்கான நாள்களை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. இப்போதெல்லாம் வாராந்திரச் சுத்தத்துக்கு ஆள் ஒதுக்க முடியுமா என்று கேட்ட பிறகே அதைப் பற்றிப் பேசுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலான சேமிப்பு தண்ணீரில் இருக்கிறது. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் நீரில் சாயமேற்றுகிறீர்கள்? பழைய வின்ச் தொட்டிகளில் 15 முதல் 20 லிட்டர் வரை போகும். நல்ல சாஃப்ட் ஃப்ளோவில் ஆறு முதல் எட்டு. நீர் குறைந்தால் அதைச் சூடாக்கும் விறகு குறைகிறது. லிட்டருக்கு இத்தனை கிராம் என்று போடும் உப்பும் அதே விகிதத்தில் குறைகிறது. உப்பு குறைந்தால் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆவியாக்க வேண்டிய கழிவும் குறைகிறது. இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது உங்கள் அப்பாவின் ஆலையும் பூட்டப்பட்டிருக்கும். அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. நொய்யலுக்கு அது செய்த நன்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சவ்வுகள் வழியே நீரை அழுத்தும் பம்புகளும், எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சும் ஆவியாக்கிகளும் பெரும் ஆற்றலைக் கேட்பவை. ஆற்றைக் காப்பதற்கான விலையின் ஒரு பகுதியைக் காற்றில் செலுத்துகிறோம். உங்கள் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றால், அங்கே ஆகும் மின்சாரமும் விறகும் உங்கள் 1,370 டன்னில் சேரவில்லை. உங்கள் பங்கை அவர்களிடம் கேட்டு வாங்கித் தனி வரியாகக் காட்டுங்கள். மறைத்தால் இரண்டு ஆண்டு கழித்துப் பையரே கேட்பார்.

பருத்தித் துணிக்குக் குளிர் முறையில் சாயத்தை ஏற்றி, உருளையில் சுற்றி, மணிக்கணக்கில் வைத்திருந்து நிலைநிறுத்தும் முறையில் உப்பும் வேண்டாம், சாயம் ஏறும் கட்டத்தில் வெப்பமும் வேண்டாம். ஆனால் சிறிய லாட்டுகளும் அடிக்கடி மாறும் நிறங்களும் உள்ள ஜாப் ஒர்க்குக்கு அது ஒத்துவருவது கடினம். இயந்திரம் மாற்றும் காலம் வரும்போது யோசித்தால் போதும்.

மின்சார பாய்லரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் புகையே இல்லை என்ற ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அதை விற்கிறார்கள். ஒரு டன் நீராவிக்கு ஏறத்தாழ 750 யூனிட் மின்சாரம் வேண்டும், யூனிட்டுக்கு 0.7 கிலோ என்றால் 520 கிலோவுக்கு மேல். அதே நீராவியை நிலக்கரியில் எடுத்தால் 330 கிலோவை ஒட்டித்தான் வெளியாகும். உங்கள் ஆலையில் இல்லாத புகை மேட்டூரிலும் வடசென்னையிலும் நெய்வேலியிலும் கூடுதலாக எழும். நாளுக்கு 25 டன் நீராவி என்று வைத்தால் 18,000 யூனிட்டைத் தாண்டும்; உங்கள் இப்போதைய பயன்பாட்டைப் போல நாலைந்து மடங்கு. அத்தனையும் காற்றாலை மின்சாரமாகவே வாங்கினாலொழிய இது முன்னேற்றமாகாது. வெப்பப் பம்பு வேறு வகை. அது ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட்டை ஒட்டிய வெப்பத்தைத் தரும். பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் ஏறும் 60 டிகிரிக்கு அது நன்றாகவே பொருந்தும். 130 டிகிரி கேட்கும் பாலியஸ்டருக்கும் ஸ்டெண்டருக்கும் அதனால் பயன் இல்லை. அதை வாங்குவதற்கு முன்னால், வடிகாலில் 70, 80 டிகிரியில் ஓடிப்போகும் சாயநீரின் வெப்பத்தைப் புதிய நீருக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள், அது மலிவு. குழாய் எரிவாயுவுக்கு மாறினால் புகைபோக்கியில் பாதியாகக் குறையும், ஆனால் விறகு ஏட்டில் பூஜ்யமாக இருப்பதால் அறிக்கையில் உங்கள் உமிழ்வு கூடும். இந்த முரணைப் பையரிடம் விளக்கிப் புரியவைப்பது எளிதன்று.

சோலாரைப் போடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அதனிடம் எதிர்பார்க்க வேண்டிய அளவைத் தெரிந்துகொண்டு போடுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி கூரை வேண்டும். நம் பகுதியில் ஆண்டுக்கு 1,450 யூனிட்டைப் போலக் கிடைக்கும். கல்நார் ஓடு வேய்ந்த பகுதியையும் புகைபோக்கியின் நிழல் விழும் பகுதியையும் கழித்து உங்கள் கூரையில் 150 கிலோவாட் ஏறும் என்றால், ஆண்டுக்கு 2.2 லட்சம் யூனிட், ஏறத்தாழ 150 டன். உங்கள் இலக்கில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. விறகுத் தூசியும் கரியும் படியும் ஆலையில் பலகைகளை அடிக்கடி கழுவாவிட்டால் இந்த எண் வராது. மின்வாரியம் வசூலிக்கும் நெட்வொர்க் கட்டணத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டும் விற்பனையாளர்களின் தாளை நம்ப வேண்டாம்.

மீதி மின்சாரத்துக்குக் காற்றாலை. உடுமலை, தாராபுரம் பக்கமே காற்றாலைகள் நிற்கும்போது உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கூட்டுச் சொந்த உற்பத்தி முறையில் சேருவதானால், நுகர்வோர் அனைவரும் சேர்ந்து 26 விழுக்காடு பங்கு வைத்திருந்து, உற்பத்தியில் 51 விழுக்காட்டையாவது பயன்படுத்த வேண்டும். காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாசிவரை வீசும்; மார்கழி இரவில் உங்கள் மோட்டாரைச் சுற்றுவது பெரும்பாலும் அனல்மின்சாரம்தான். ஆடியில் உபரியாக விளைந்ததைத் தையில் எடுத்துக்கொள்ளும் வங்கி வசதி, காற்றாலை எந்த ஆண்டு நிறுவப்பட்டது என்பதைப் பொறுத்து மாறுவதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதைக் கேளுங்கள். பசுமைச் சான்றிதழை உரிமையாளர் தனியாக விற்றுவிடுகிறாரா என்பதையும் கேளுங்கள். விற்றுவிட்டால் அந்த மின்சாரத்தைப் பசுமை என்று நீங்கள் சொல்லிக்கொள்ள முடியாது; வெறும் மின்சாரம்தான் உங்கள் கைக்கு வருகிறது.

ஜெனரேட்டரில் பெரிதாகக் குறைக்க ஒன்றுமில்லை. கம்ப்ரஸர் காற்றுக் கசிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலை அமைதியாக இருக்கும்போது காதாலேயே கண்டுபிடிக்கலாம். அழுத்தத்தை ஒரு பார் குறைத்தாலே கம்ப்ரஸரின் மின்சாரத்தில் ஆறு முதல் பத்து விழுக்காடு மிச்சமாகும்.

கார்பன் கிரெடிட்டைப் பற்றித் தமிழ்நாட்டுக் காற்றாலைக்காரர்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் 2008-ல் இருபது யூரோவை ஒட்டி விற்ற சான்றிதழ், 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. அப்போது நாம் விற்றோம், இப்போது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கும் கிரெடிட் வேறு யாரோ ஓரிடத்தில் குறைத்ததாகச் சொல்லும் அளவு. உங்கள் 1,370 டன்னில் ஒரு கிலோவும் அதனால் இறங்காது. மேலும், ஈடுசெய்தலை மட்டும் காட்டி ஒரு பொருளைக் கார்பன் நடுநிலையானது என்று நுகர்வோரிடம் விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றிய நெறிமுறை தடுக்கிறது. 2026 செப்டம்பர் 27 அதன் நடைமுறை நாள். எனவே அந்தக் காகிதத்தால் உங்கள் பையருக்கும் பெரிய பயன் இல்லை.

அப்பா சொல்வதுபோல் மரம் நடுவதை நான் ஒருநாளும் தடுக்கமாட்டேன். ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் பத்தாண்டுகளாக நட்டு வளர்த்த மரங்கள் இந்த ஊரின் நிழலை மாற்றியிருக்கின்றன. ஆயினும் ஓரளவு வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு இருபது கிலோவைப் போலத்தான் உள்வாங்கும். 410 டன்னுக்கு இருபதாயிரம் மரங்கள், அதுவும் அவை வளர்ந்த பிறகு. நடுங்கள், தண்ணீர் விடுங்கள், அறிக்கையில் அதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள், கழித்தல் குறி மட்டும் போட வேண்டாம்.

பையருக்கு எழுதும் பதிலில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். 30 விழுக்காடு என்பது மொத்த டன்னிலா, ஒரு கிலோ துணிக்கு ஆகும் அளவிலா? ஆர்டர் பெருகினால் மொத்தமும் பெருகும் என்பதால், இன்றைய 0.9 கிலோவை அடிப்படையாக வைத்துப் பேசுவது உங்களுக்கு நியாயமானது. எந்த ஆண்டை ஆரம்பமாகக் கொள்வது? ஆலை அரைகுறையாக ஓடிய 2020-ஐ ஒப்புக்கொள்ள வேண்டாம். பிறகு, விறகின் 3,600 டன்னையும் சுத்திகரிப்பு நிலையத்தின் பங்கையும் மொத்தத்தில் சேர்க்காமல் கீழே தனித்தனியாகக் காட்டி, அவற்றையும் குறைக்கும் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, முதல் பணம் பாய்லருக்கு ஒரு நீராவி மீட்டருக்கும், ஒவ்வொரு சாஃப்ட் ஃப்ளோவுக்கும் ஒரு நீர் மீட்டருக்கும் போகட்டும். அடுத்தது கொட்டகையும் கண்டென்சேட் குழாயும். அதன் பின் சோலார். மீட்டர் பொருத்தி மூன்று மாத அளவுகள் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள், வெப்பப் பம்பு உங்களுக்குக் கட்டுமா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். கொட்டகைக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம்; ஐப்பசி மழைக்கு முன்னால் அதன் கூரை ஏறிவிட்டால் இந்த ஆண்டே நிலக்கரி லோடு ஒன்றிரண்டைக் குறைத்துவிடலாம்.